ஸ்டீயரிங் ஒன்று, ஓட்டுநர் இருவர்: ஆர்.வி. பயணிகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவில் ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு வீடுபோல ஓடும் வண்டி) எடுத்துக்கொண்டு ஜோடியாகக் கிளம்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ‘யார் ஓட்டுவது?’ என்பதில்தான் வந்து நிற்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெரும்பாலோர் வாடகைக்கு எடுப்பது ஃபோர்டு ஈ-450 வேனின் சேஸி (அடிச்சட்டம்) மேல் கட்டிய, 25 முதல் 30 அடி நீளமுள்ள ‘கிளாஸ் சி’ வண்டி. பதில்களும் அதை மனத்தில் வைத்தே.

கேள்வி: எனக்கு 58, மனைவிக்கு 54. டாலஸிலிருந்து யெல்லோஸ்டோன் போய்வர 28 அடி வண்டியை மூன்று வாரத்துக்கு எடுக்கிறோம். நாளுக்கு எட்டு மணி நேரம், ஆளுக்கு நாலு மணி நேரம் என்று திட்டம். சரிதானே?

பதில்: கூட்டல் சரி. வண்டிக்குத்தான் ஒத்துவராது. முழுச் சுமையோடு 14,500 பவுண்டு வரை இருக்கக்கூடிய வண்டி இது. காற்று அடித்தாலும் லாரி கடந்தாலும் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். காரில் எட்டு மணி நேரம் ஓட்டிய களைப்பு இதில் ஐந்து மணி நேரத்திலேயே வந்துவிடும்.

ஆர்.வி.காரர்களிடம் ‘3-3-3’ என்றொரு வாய்ப்பாடு புழங்குகிறது: ஒரு நாளில் 300 மைல் தாண்டாதே, பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர், 3 இரவு தங்கு. இன்னும் நிதானமானவர்கள் 2-2-2 என்பார்கள். உங்களுக்கு ஒரு வழிக்கே 1,300 மைலுக்கு மேல் ஆகும். அதனால் வழியில் மூன்று மூன்று இரவு தங்க முடியாது. வாய்ப்பாட்டின் முதல் இரண்டு விதிகளை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். போக ஐந்து நாள், வர ஐந்து நாள். பாக்கி பதினொரு நாளும் யெல்லோஸ்டோனுக்குத்தான்.

பாதிப் பாதி என்ற பங்கீட்டையும் விட்டுவிடுங்கள். நேரத்தை விட, எந்தத் துண்டுச் சாலை யாருக்கு என்பதுதான் முக்கியம். வண்டியில் கீறல் விழுவது பெரும்பாலும் நாளின் கடைசி ஒரு மணி நேரத்தில். எக்ஸிட் எடுத்து இறங்குவது, பெட்ரோல் பங்க், கேம்ப்கிரவுண்டின் (வண்டியை நிறுத்தி இரவு தங்கும் இடத்தின்) குறுகலான மரத்தடிப் பாதை, பின்னோக்கி எடுத்து நிறுத்துவது எல்லாம் களைத்த கைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆகவே உங்களில் கை தேர்ந்தவர் யாரோ, அவரைக் கடைசித் துண்டுக்குச் சேமித்து வையுங்கள். அவர் காலை 8 முதல் 10 வரை ஓட்டட்டும். 10.15 முதல் 12 வரை நேரான ஃப்ரீவேயில் மற்றவர். முக்கால் மணி நேரம் சாப்பாடு. பிறகு 12.45 முதல் 2.30 வரை மறுபடி முதலாமவர். மொத்தம் ஐந்தரை மணி நேரம், சராசரி 55 மைல் வேகத்தில் 300 மைல். சாப்பாட்டில் தயிர் சாதம் வேண்டாம், அது இரவுக்கு இருக்கட்டும். பிற்பகல் 2 முதல் 4 வரை உடம்பே தூக்கத்துக்கு ஏங்கும் வேளை. வயிறும் சேர்ந்துகொண்டால் காப்பியால் சமாளிக்க முடியாது.

வயோமிங்கில் ஐ-80 சாலைக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவில் காற்று பலமாக இருக்கும் நாட்களில், உயரமான இலகு வண்டிகளுக்குச் சாலையை மூடிவிடுவார்கள். உங்கள் வண்டி அந்த வகைதான். மூடவில்லை என்றாலும் காற்றின் வீச்சு மணிக்கு 40 மைலைத் தாண்டினால் நின்றுவிடுங்கள். பொதுவாக வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். அந்தத் துண்டைக் காலையிலேயே முடிக்கும்படி முதல் நாள் இரவுத் தங்கலை அமைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: தினமும் காரில் 40 மைல் போய்வருகிறேன், பயமே கிடையாது. ஆனால் ஆர்.வி.யின் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாலே கை நடுங்குகிறது. என் கணவரோ, “ஓட்டினா தானா பழகிடும்” என்கிறார். எப்படித் தொடங்குவது? என் உயரம் 5 அடி 1 அங்குலம். (நியூ ஜெர்சி வாசகி)

பதில்: தானாகப் பழகாது. அதற்கு முன் எதையாவது இடித்துவிட வாய்ப்பு அதிகம். ஞாயிறு காலை காலியாகக் கிடக்கும் பெரிய பார்க்கிங் இடத்தில், அனுமதி கேட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆறு பிளாஸ்டிக் கூம்பும் ஒரு சாக்பீஸும் போதும்.

முதலில் சீட். பிரேக்கை முழுவதும் அழுத்தியபோதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். அதே சமயம் ஸ்டீயரிங்கின் நடுவிலிருந்து நெஞ்செலும்புக்குக் குறைந்தது 10 அங்குல இடைவெளி வேண்டும், ஏர்பேக் விரிவதற்கு. உங்கள் உயரத்துக்கு இரண்டும் சேர்ந்து அமைவது கஷ்டம். சீட்டை முன்னால் தள்ளி, முதுகுச் சாய்வைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் பெரும்பாலும் சரிவரும். உட்காரும் இடத்தில் நழுவாத, கெட்டியான மெத்தை வையுங்கள். மெத்துமெத்தென்ற தலையணை கூடாது, பிரேக் அடிக்கும்போது அது அமுங்கி உங்களைக் கீழே இறக்கிவிடும்.

அடுத்து கண்ணாடிகள். தட்டையான பெரிய கண்ணாடியில் உங்கள் வண்டியின் பக்கவாட்டு விளிம்பு ஒரு கீற்றாகத் தெரிய வேண்டும், அடிவானம் நடுவில் வர வேண்டும். அதன் கீழே உள்ள குவிந்த கண்ணாடியில் பின்சக்கரம் தரையைத் தொடும் இடமும் பக்கத்துக் கோடும் தெரிய வேண்டும். இந்தப் பின்சக்கரம்தான் இனி உங்கள் கண். இருவர் மாறி மாறி ஓட்டுவதால் சீட்டையும் கண்ணாடிகளையும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியிருக்கும். சீட் தண்டவாளத்தில் உங்கள் இடத்துக்கு ஒரு நிறத்தில், அவர் இடத்துக்கு வேறு நிறத்தில் டேப் ஒட்டிவிட்டால் பாதி வேலை மிச்சம்.

இப்போது வால் வீச்சு. காரில் இல்லாத தொல்லை இது. பின்சக்கரத்துக்குப் பின்னால் வண்டி ஏழெட்டு அடி நீட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் வலப்பக்கம் திருப்பினால் அந்த வால் இடப்பக்கம் வெளியே வீசும். தரையில் நீளமாகச் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியின் இடது பக்கம் கோட்டை ஒட்டியிருக்கும்படி நிறுத்துங்கள். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்து, மெதுவாக நகர்த்துங்கள். கணவர் பின்னால் தள்ளி நின்று, பின்மூலை கோட்டைத் தாண்டி எவ்வளவு வெளியே போகிறது என்று அளக்கட்டும். ஓர் அடி அளவுக்கு வரும். பெட்ரோல் பங்கில் பம்பை இடப்பக்கம் வைத்து நிறுத்திவிட்டு, கிளம்பியதும் வலப்பக்கம் ஒடிப்பவர்கள் பம்பை இடிப்பது இதனால்தான். வால் பம்பைத் தாண்டும்வரை நேராகப் போங்கள்.

திருப்பங்களில் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வலது திருப்பத்தில் நடைபாதைக் கல் மேல் ஏறுவது அதுதான். கூம்புகளை ஒரு தெருமுனை போல வைத்து, காரில் திருப்பும் இடத்தைத் தாண்டி நேராகப் போய், பிறகு ஒடித்துப் பழகுங்கள். குவிந்த கண்ணாடியில் பின்சக்கரம் கூம்பைத் தொடாமல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். பத்து முறை. கூம்பு நசுங்கினால் இரண்டு டாலர்தான் நஷ்டம்.

சாலைக்கு வந்ததும் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று: வலப்பக்கம் ஒதுங்கிவிடுவது. ஃப்ரீவேயின் தடம் 12 அடி, வண்டியின் உடல் எட்டரை அடி அகலம் வரை. இரு பக்கமும் சேர்த்தே மூன்றரை அடிதான் மிச்சம். காரில் உட்காரும் அதே இடத்தில் உங்கள் உடம்பை வைத்தால் வண்டியின் வலது ஓரம் கோட்டைத் தொட்டுவிடும். இடது கோட்டை நெருங்கிவிட்டது போலத் தோன்றும் இடம்தான் பெரும்பாலும் சரியான இடம். இரு குவிந்த கண்ணாடிகளிலும் கோடு சமதூரத்தில் தெரிகிறதா என்பதே சோதனை. முன்வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே, உங்கள் வண்டியின் ஒவ்வொரு 10 அடி நீளத்துக்கும் ஒரு விநாடி, 40 மைல் வேகத்தைத் தாண்டினால் கூட ஒரு விநாடி. 28 அடிக்கு நாலு விநாடி. பெரிய லாரி கடக்கும்போது முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். இரு கையாலும் பிடித்து, கொஞ்சமாகத் திருத்துங்கள். சட்டென்று வெட்டினால் அதுதான் ஆபத்து.

முதல் வாரம் ஒரு நாளைக்கு 45 நிமிடம், பகலில், மழையில்லாத ஃப்ரீவேயில் மட்டும். கணவருக்கு ஒரு வேண்டுகோள்: பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு வருஷமாக ஆர்.வி. வைத்திருக்கிறோம். ஓட்டுவதில் சண்டையே இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் கேம்ப்கிரவுண்டே வேடிக்கை பார்க்கிறது. (ஃப்ரீமாண்ட்)

பதில்: பாதிச் சண்டை மொழியால் வருவது. ஊரில் கண்டக்டர் “ரைட்... ரைட்” என்றால் போகலாம் என்று அர்த்தம். இங்கே ரிவர்ஸில் ‘ரைட்’ என்று கத்தினால், வலப்பக்கம் திருப்பு என்கிறாரா, சரி வா என்கிறாரா? “இந்தப் பக்கம்”, “அந்தப் பக்கம்” இன்னும் மோசம். பின்னால் நிற்பவருக்கு ‘இந்த’, உட்கார்ந்திருப்பவருக்கு ‘அந்த’. ‘ரைட்’ என்ற சொல்லையே தடை செய்யுங்கள். ‘டிரைவர் பக்கம்’, ‘வாசல் பக்கம்’ என்று இரண்டே திசைகள். திசை என்பது வண்டியின் வால் போக வேண்டிய பக்கம், ஸ்டீயரிங் திரும்பும் பக்கம் அல்ல. நிறுத்த ஒரே சொல், நம் பழைய ‘ஹோல்டான்’. அது காதில் விழுந்தால் கேள்வி கேட்காமல் பிரேக்.

கத்துவதற்குப் பதில் இருவரும் போனில் பேசிக்கொள்ளுங்கள், போனை ஸ்பீக்கரில் போட்டு டாஷ்போர்டில் வையுங்கள். வழிகாட்டுபவர் டிரைவர் பக்கப் பின்மூலைக்கு வெளியே, கண்ணாடியில் முகம் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். முகம் தெரியவில்லை என்றால் வண்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். நிறுத்தும் இடம் உங்கள் இடப்பக்கம் இருக்கும்படி வளைந்து வந்து சேருங்கள். பின்மூலை கண்ணுக்கு நேராகத் தெரியும். வலப்பக்கம் இருந்தால் கண்ணாடியை மட்டும் நம்ப வேண்டியிருக்கும். பின்கேமரா தரையைக் காட்டும், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையைக் காட்டாது. ஆகவே வழிகாட்டுபவர் ஒவ்வொரு பத்தடிக்கும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

கேள்வி: வாடகை வண்டியில் ஒப்பந்தம் என் பெயரில். மனைவி நடுவில் கொஞ்சம் ஓட்டினால் என்ன? தனி லைசென்ஸ் வேண்டுமா? ஊரிலிருந்து வரும் அப்பாவும் ஓட்ட ஆசைப்படுகிறார்.

பதில்: கூடுதல் ஓட்டுநராக மனைவியின் பெயரை எழுதி, லைசென்ஸைக் காட்டி, கையெழுத்துப் போட்ட பிறகே அவர் ஓட்டலாம். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நடந்தால் காப்பீடு கைவிட்டுவிடும், முழுச் செலவும் உங்கள் தலையில். சொந்த வண்டி என்றாலும் பாலிசியில் இருவர் பெயரும் இருக்கிறதா பாருங்கள்.

இந்த அளவு வண்டிக்குச் சாதாரண கார் லைசென்ஸ் போதும். கலிஃபோர்னியாவில் 40 அடியைத் தாண்டினாலோ, டெக்சஸில் 26,000 பவுண்டைத் தாண்டினாலோ வணிகம் சாராத ‘கிளாஸ் பி’ லைசென்ஸ் வேண்டும். அப்பாவின் இந்திய லைசென்ஸோடு, ஓராண்டு செல்லும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் இருந்தால் நல்லது. ஆனால் எங்கள் கருத்து: இடப்பக்கம் ஓட்டியே பழகியவர் வலப்பக்கச் சாலையை முதலில் ஒரு சின்னக் காரில் பழகட்டும். இந்த வண்டியில் அல்ல.

கேள்வி: அவர் ஓட்டும்போது நான் பின்னால் போய் டீ போட்டுக் கொடுக்கலாமா? சும்மா உட்கார்ந்திருக்கப் போரடிக்கிறது. (அட்லான்டா)

பதில்: கூடாது. 60 மைல் வேகத்தில் அவர் பிரேக் அடித்தால் நீங்களும் கொதிக்கும் பாத்திரமும் சேர்ந்தே முன்னால் பறப்பீர்கள். பாத்ரூமுக்கும் நிறுத்தித்தான் போக வேண்டும். காலையிலேயே ஃப்ளாஸ்கில் போட்டு வையுங்கள். ஓடும்போது புரொப்பேன் (சமையல் வாயு) வால்வும் மூடியிருப்பதே பாதுகாப்பு.

சும்மா உட்கார்ந்திருக்கவும் நேரமிருக்காது. பக்கத்து சீட்டும் வேலைதான். வண்டியின் உயரத்தை, மேலே உள்ள ஏசியையும் சேர்த்து, அடி அங்குலமாக எழுதி இருவர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். பெரும்பாலும் 11 முதல் 12 அடி வரும். வட கரோலினாவில் டர்ஹாம் நகர ரயில் பாலம் ஒன்று பல ஆண்டுகளாக 11 அடி 8 அங்குலத்தில் நின்று லாரிகளின் கூரையை உரித்துக்கொண்டிருந்தது. 2019-இல் அதை 12 அடி 4 அங்குலமாக உயர்த்தினார்கள். அதைப் போன்ற தாழ்ந்த பாலங்கள் இன்னும் எத்தனையோ உண்டு. அதனால் நியூயார்க்கில் ‘பார்க்வே’ என்று முடியும் சாலைகளைத் தவிருங்கள். காருக்கான போன் மேப் உங்களை நேராக அதில்தான் இறக்கிவிடும். பால்டிமோர் துறைமுகத்துக்கு அடியில் செல்லும் சுரங்கச் சாலைகளில் புரொப்பேனுக்குக் கட்டுப்பாடு உண்டு. மொன்டானாவில் கிளேசியர் பூங்காவின் ‘கோயிங் டு தி சன்’ சாலையின் மலைப்பகுதியில் 21 அடி நீளமோ, கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடி அகலமோ தாண்டிய வண்டி போகக் கூடாது. இதையெல்லாம் முதல் நாள் இரவே பார்த்து வைப்பது பக்கத்து சீட்டுக்காரர் பொறுப்பு.

வழியில் எக்ஸிட்டை இரண்டு மைலுக்கு முன்பே சொல்லுங்கள், மறுபடி ஒரு மைலில். “இதோ, இதுதான், திருப்புங்க!” என்று கடைசி நொடியில் சொல்வதை விடச் சொல்லாமலே இருப்பது மேல். தவறவிட்டால் அடுத்த எக்ஸிட்.

கேள்வி: டென்வரிலிருந்து ஐ-70 வழியாக யூட்டா போகிறோம். மலை இறக்கத்தில் யார் ஓட்டலாம்?

பதில்: இறக்கத்தில் பிரேக்கைத் தேய்க்காமல் ஓட்டத் தெரிந்தவர். ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அதிலிருந்து மேற்கே சில்வர்தார்ன் வரை 7 சதவீத இறக்கம், பிரேக் போன லாரிகளுக்கான மணல்மேட்டு ஓடுபாதைகளும் வழியில் உண்டு. இறங்கத் தொடங்கும் முன்பே கியர் நெம்புகோலின் முனையில் உள்ள ‘டோ/ஹால்’ பொத்தானை அழுத்துங்கள், எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும். பாதுகாப்பான வேகம் 45 என்று வைத்துக்கொண்டால், 45-ஐத் தொட்டதும் மூன்று விநாடி அழுத்திப் பிடித்து 40-க்குக் கொண்டுவந்து, பிரேக்கை முழுதாக விட்டுவிடுங்கள். மறுபடி 45 ஆனால் மறுபடி. லேசாக மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறி, மிதி இருக்கும், பிடி இருக்காது. தீய்ந்த வாடை வந்தால் ஒதுங்கி நின்று, அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். நடு இறக்கத்தில் ஆள் மாற்றம் வேண்டாம், சுரங்கத்துக்கு முன்பே மாறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். முழுக்க நானே ஓட்டுவேன் என்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. ஓட்ட உட்காருவதற்கு முன்பும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் அளவு பார்க்கட்டும். 90-க்குக் கீழ் இருந்தால் எதாவது சாப்பிட்ட பிறகே ஸ்டீயரிங். 70-க்குக் கீழ் இறங்கினால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறு சோதனை. எண் ஏறியதுமே கிளம்பக் கூடாது. மூளை தெளிய முக்கால் மணி நேரம் ஆகும், அதுவரை நீங்கள் ஓட்டுங்கள். சளி, அலர்ஜிக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகளிலும் கவனம். தூக்கம் வரவைக்கும் டைஃபென்ஹைட்ரமின் என்ற மருந்தின் பெயர் அட்டையில் இருந்தால் அன்று அவருக்கு ஸ்டீயரிங் இல்லை.

இதற்காகவே நீங்கள் 20 மைலாவது தைரியமாக ஓட்டும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். ஓட்டும்போதே அவர் தடுமாறினால், பக்கத்திலிருந்து ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, வேகம் குறையக் குறைய ஓரம் கட்டுங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள், ஸ்டீயரிங் கல்லாகிவிடும். அவசர உதவிக்கு அழைத்தால் 911 கேட்கும் முதல் கேள்வி ‘எங்கே?’ என்பதுதான். சாலை எண், எந்தத் திசை, கடைசியாகக் கடந்த மைல் பலகை இந்த மூன்றையும் மனத்தில் ஓட்டிக்கொண்டே வருவது பக்கத்து சீட்டின் பழக்கமாக வேண்டும்.

கேள்வி: “ஓட்டாதவர்தான் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும்” என்கிறார் கணவர். இது என்ன நியாயம்?

பதில்: நியாயமில்லை, ஆனால் ஓட்டுவதில் பங்கு கேட்க உங்களுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. யார் செய்தாலும் முறை ஒன்றுதான். கையுறை, குழாயை இறுக்கிப் பூட்டுதல், முதலில் கழிப்பறையின் கறுப்புத் தொட்டி, அது முழுக்க வடிந்து வால்வை மூடிய பிறகு குளியல், பாத்திரத் தண்ணீரின் சாம்பல் தொட்டி. அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொடுக்கும். கேம்ப்கிரவுண்டில் குழாய் மாட்டியே இருந்தாலும் கறுப்பு வால்வைத் திறந்து வைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் ஓடிவிட்டு மற்றது அடியில் குவிந்து இறுகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் ஒரே மூச்சில் திறந்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். வெளிமூடியைக் கழற்றும் முன், இரண்டு வால்வும் மூடியிருக்கிறதா என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த வேளையில் மூடிக்கு நேர் எதிரே மட்டும் யாரும் நிற்காதீர்கள்.